அரைநாள் வாத்தியார்

காஞ்சிபுரத்தில் உள்ள அத்தனை கோயில் சாமிகளும் வரிசையாக வந்து நின்று, 'இந்தப் பையன் வகுப்புக்கு வந்தான், நாங்கள் கண்ணால் பார்த்தோம்' என்று சாட்சி சொன்னாலும், "உடம்பு வந்துச்சு, ஒத்துக்கறேன். ஆள் வந்தானா?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய மனிதர் ஒருத்தர்தான் இந்த உலகத்தில் பிறந்தார். அவர் எங்கள் அரைநாள் வாத்தியார். வேறு ஒருத்தரைக் காட்டுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ஊரில் இருந்த ஒரு கல்லூரியில் நான் குமாஸ்தா. அங்கே பி.ஏ. தத்துவம் என்று ஒரு படிப்பு இருந்தது. மூன்று வருஷம். தர்க்கம், மனோதத்துவம், அறநெறி, இந்தியத் தத்துவம், மேல்நாட்டுத் தத்துவம் என்று பேப்பர்கள். இத்தனையையும் நடத்த ஒரே ஒருவர். துணைக்கு யாரையாவது போட்டால் ஆறே மாதத்தில் பாங்க் வேலை கிடைத்து ஓடிவிடுவார். ஆகவே துறைத் தலைவரும் இவரே, துறையும் இவரே. தென்னேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கையில் ஒரு குடை, மழை வெயில் எதற்கும் விரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அதை டைப் அடித்தவன் நான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனுக்கே தெரியாது.

'அரைநாள்' என்ற பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் நாளைக் காலை, மதியம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டு வேளையும் வந்தவனுக்கு ஒன்று. ஒரு வேளை மட்டும் வந்தவனுக்கு அரை. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்து, முக்கால்வாசி நாள் வந்தவனுக்குத்தான் ஹால் டிக்கெட். கூட்டுகிற வேலை என் தலையில். நான் சேர்ந்த முதல் மாதமே தத்துவ வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் திகைத்துப் போனேன். பக்கம் முழுக்க அரை, அரை, அரை. ஏதோ மாவு அரைக்கிற மில் மாதிரி இருந்தது. நேராக அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், இந்தப் பையனுக்கு அரை போட்டிருக்கீங்களே, காலையில வந்தானா, மத்தியானம் வந்தானா?"

"ரெண்டு வேளையும் வந்தான்."

"அப்புறம் ஏன் சார் அரை?"

"ரெண்டு வேளையும் அரைதான் வந்தான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. குடையை மேசைமேல் வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். வகுப்பில் உட்காருகிறது உடம்பு. கேட்கிறது மனசு. உடம்பு பாதி, மனசு பாதி. உடம்பு மட்டும் வந்தால் பாதிதானே வந்திருக்கிறது? பாதி வந்தவனுக்கு முழுசு போட்டால் அது பொய்க் கையெழுத்து இல்லையா?

"மனசு வந்துச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"கேட்டா சொல்றாங்க" என்றார். "இப்பகூட நீங்க அரைதான் இருக்கீங்க. மீதி பாதி டைப்ரைட்டர் கிட்ட இருக்குது."

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் அவர் சொன்னது உண்மை. பிரின்ஸிபாலுக்கு ஒரு கடிதம் பாதியில் நின்றிருந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடம் நடத்திக்கொண்டே போவார். திடீரென்று ஒரு பையன் முன்னால் நின்று, "எங்க இருக்க?" என்பார். உண்மையைச் சொன்னால் அரை. "இங்கேதான் சார்" என்று புளுகினால், பாடத்தில் ஒரு கேள்வி கேட்டு அதையும் பறித்துக்கொண்டு சுழி போட்டுவிடுவார். அதனால் தத்துவம் படித்த பையன்கள் பொய் சொல்வதையே விட்டுவிட்டார்கள். வேறு எந்த வகுப்பிலும் இந்த அதிசயம் நடக்கவில்லை. ஒருநாள் ஜன்னல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்த நானே என் காதால் கேட்டேன்.

"எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல சார்."

"சாப்பிட்டுட்டியா?"

"இல்ல சார், இப்பதான் ரவா தோசை சொல்லியிருக்கேன்."

"வர நேரமாவும். நிதானமா சாப்பிட்டுட்டு வா. அரை."

ஊரான் பிள்ளைக்குத்தான் இந்தச் சட்டம் என்று நினைக்காதீர்கள். ஆசிரியர்கள் கையெழுத்துப் போடுகிற பதிவேடு என் மேசையில்தான் இருக்கும். நாள் முழுக்க நாலு வகுப்பு எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து தனக்கே அரைநாள் விடுப்பு எழுதிவிட்டுப் போவார். காரணம் என்ற இடத்தில் ஒருமுறை 'இருந்தேன். இல்லை' என்று எழுதியிருந்தார். அதைப் பிரின்ஸிபாலிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். "ஃபைல் பண்ணுய்யா" என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்!

கோயிலிலும் இதே கூத்துதான். ஒரு சனிக்கிழமை வரதரைச் சேவிக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வாத்தியார். தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே போனார். போனவர் சுற்றிக்கொண்டு மறுபடி வரிசைக் கடைசியில் வந்து நின்றார். பட்டர் கையை நீட்டப் போனவர் நிறுத்திவிட்டார்.

"இப்பதானே வாங்கிண்டீர்?"

"கை வாங்கிச்சு, சுவாமி. நான் வாங்கலை. வாலாஜாபாத் பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு பார்த்துக்கினு இருந்துட்டேன்."

பட்டர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். மூன்றாவது தடவை வாத்தியார் வந்தபோது, பட்டர் ஒன்றும் கேட்காமலேயே தீர்த்த உத்தரணியைச் சாய்த்துவிட்டார்.

இப்படிப்பட்டவர் ஆள் சேர்த்தால் எத்தனை பேர் சேருவார்கள்? ஜூன் மாதம் மற்றத் துறைக்காரர்கள் எல்லாம் தங்கள் படிப்பை வானளாவப் புகழ்ந்துகொண்டிருப்பார்கள். இவரிடம் ஒரு தகப்பனார் வந்து, "இது படிச்சா வேலை கிடைக்குங்களா?" என்று கேட்டார். "சொல்ல முடியாது" என்றார். "சாமியாராப் போயிடுவானோ?" என்றார் தகப்பனார். "போகலாம். ஆனா அது சிலபஸ்ல இல்லை." அந்தத் தகப்பனார் பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வணிகவியல் வரிசைக்கு ஓடினார். கடைசியில் கெமிஸ்ட்ரியில் இடம் கிடைக்காதவன், வரலாற்றில் இடம் கிடைக்காதவன், வரிசை மாறி நின்றவன் என்று எட்டுப் பேர் தேறுவார்கள்.

அந்த எட்டில்தான் வந்தது வினை. நான் சேர்ந்த மூன்றாவது வருஷம், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம். தத்துவத்தில் எட்டுப் பேராவது இந்தத் தடவை இறுதித் தேர்வுக்குப் போக வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் படிப்பை மூடிவிட வேண்டும். கீழ் வகுப்புப் பையன்களை வரலாற்றுக்கு மாற்றிவிட வேண்டும். வாத்தியாரை என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை.

பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டு உடனே கூட்டச் சொன்னார். தேர்வு நெருங்க நெருங்க வாரத்துக்கு ஒரு தடவை கூட்டினேன். ஏழு பேர் அரையும் முழுசுமாகச் சேர்த்து எப்படியோ கரையேறிவிட்டார்கள். எட்டாவது ஆள் தாமோதரன். பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை நாள். அவனுக்குக் குறைந்ததும் ஒரே ஒரு முழு நாள். அதில் அரை விழுந்தால் போச்சு. அடுத்த வருஷம் உட்காரலாம் என்றால் படிப்பே இருக்காது.

தாமோதரன் பிள்ளையார்பாளையத்துப் பையன். அவர்கள் சந்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வீட்டில் தறி. நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பாவு நூல் எப்போதும் அதில் இருக்கும். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறமாக நெய்கிற கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து நெய்தால், அந்தப் பக்கத்துக் கரைக்கு ஊடு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். அப்பா இந்தப் பக்கம். தாமோதரன் அந்தப் பக்கம். விடிகாலையில் உட்கார்ந்தால் கல்லூரி மணிக்குத்தான் எழுந்திருப்பான். வகுப்புக்கு ஒருநாள் தவறாமல் வருவான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் விரல்கள் இழை எண்ணிக்கொண்டே இருக்கும்.

பிரின்ஸிபால் வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் பதிவேட்டோடு நின்றேன்.

"என்ன சார் இது? ரெண்டே ரெண்டு எடத்துல அரையை ஒண்ணாக்குங்க, முடிஞ்சுது!"

"எந்த நாள்ல சார்?"

"ஏதோ ஒரு நாள்ல!"

"ஏதோ ஒரு நாள்ல அவன் வரலையே சார்."

"சரி, உடம்பு சரியில்லைன்னு ஒரு சிபாரிசு எழுதிக் குடுங்க. மன்னிச்சு விட்டுடுவாங்க."

"உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு! அது ஒண்ணுதான் ஒழுங்கா வந்துச்சு."

பிரின்ஸிபால் தலையில் அடித்துக்கொண்டார். "மூடப் போறது உங்க டிபார்ட்மென்ட், சார்!"

"தெரியும் சார்" என்றார் வாத்தியார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒளிப்பானேன், எனக்கும் கை அரித்தது. பதிவேடு என் அலமாரியில். பேனா என் பாக்கெட்டில். யார் கேட்கப் போகிறார்கள்? தாமோதரன் பக்கத்தைப் பிரித்தேன். அப்போதுதான் அதுவரை கவனிக்காத ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு அரைக்கும் கீழே பென்சிலில், எறும்பு மாதிரி எழுத்தில், ஒரு வார்த்தை. 'நாடா.' 'பாவு.' 'நாடா.' 'பசி.' 'தங்கைக்கு ஜுரம்.' 'நாடா.' மற்றப் பையன்கள் பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் அப்படியே. எந்தப் பையன் மனசு எந்த நாள் எங்கே போனது என்று மூன்று வருஷத்துக்கும் கணக்காக எழுதி வைத்திருந்தார் மனிதர். கூட்டுத்தொகையைத் தவிர எதையும் பார்க்காத நான், பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்தேன். திருத்த எனக்கு மனசு வரவில்லை.

அன்று சாயங்காலம் தாமோதரனின் அப்பா வந்துவிட்டார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாத்தியார் முன்னால் நின்றார்.

"சார், எம் பையன் மனசு ஊர் சுத்தப் போவலை சார். சினிமாவுக்குப் போவலை. தறியிலதான் சார் இருந்துச்சு."

"அதைத்தான்பா நானும் எழுதியிருக்கேன்" என்று பென்சில் எழுத்தைக் காட்டினார் வாத்தியார்.

அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். நாடா, பாவு, நாடா. நாலு வரி படித்ததும் நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு அவனைத் தறிப் பக்கமே விடமாட்டேன் சார்" என்றார். "நல்லாத் தூங்கி எழுந்து, தலைக்குக் குளிச்சுட்டு, முழுசா வருவான். அதுக்கு நான் ஆச்சு."

வாத்தியார் தலையை ஆட்டினார். ஆனால் அப்பா செய்த அந்த நல்ல காரியம்தான் எங்களை முடிக்கப் பார்த்தது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

கடைசி வேலை நாள். ஒரே ஒரு வகுப்பு. அதுவே முழு நாள் கணக்கு. காலையிலிருந்து கல்லூரியே பிரசவ வீடு மாதிரி இருந்தது. கான்டீனில் டம்ளர் சத்தம் கூடாது என்று பிரின்ஸிபால் ஆள் அனுப்பினார். வாட்ச்மேன் ஒரு ஆட்டைத் தெருமுனை வரைக்கும் விரட்டிவிட்டு வந்தார். மற்ற ஏழு பையன்களும் தாமோதரனைச் சூழ்ந்துகொண்டார்கள். "டேய், எங்க இருக்கன்னு கேட்டா இங்கதான்னு சொல்லுடா. கேள்வி கேட்டா நாங்க பின்னாலேர்ந்து எடுத்துக் குடுக்கறோம். உன் கால்ல விழறோம்டா!" தலைக்குக் குளித்து, சலவைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான் அவன். நான் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் பிரின்ஸிபால், கையில் இன்னொரு ஃபைல்.

வாத்தியார் அறநெறிப் பாடத்தைத் திருப்பிச் சொன்னார். வழக்கமாக ஆற்றொழுக்காகப் பேசுபவர், அன்று ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். ஒரு தடவை சாக்பீஸைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. தாமோதரன் கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். 'வந்துட்டான்யா, முழுசா வந்துட்டான்' என்று பிரின்ஸிபால் என் காதில் சொன்னார். நான் அவன் கையைப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன.

மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. வாத்தியார் அவன் முன்னால் வந்து நின்றார்.

"தாமோதரா, எங்க இருந்த?"

தாமோதரன் எழுந்தான். பின்னால் ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மூன்று வருஷப் பழக்கம் விடுமா?

"வீட்ல சார்."

பிரின்ஸிபால் கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது.

"வீட்ல என்ன?"

"என் எடத்துல எங்கம்மாவை உக்கார வச்சுட்டாரு சார், எங்கப்பா. முகூர்த்தப் புடவை. அம்மா அந்தக் கரைக்கு ஒக்காந்து வருஷக்கணக்கா ஆவுது. நாடா மாத்திப் போட்டுருவாங்களோன்னு அதையே பார்த்துக்கினு இருந்தேன் சார். நான் இருந்திருந்தா இப்படி ஆவாது சார். என்னைத் தறியில விட்டுருந்தா வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதியா வந்திருப்பேன்."

உண்மை சொன்னவனுக்கு அரை. சட்டம் போட்டவரே எதிரில் நிற்கிறார். அந்த அரையோடு அவன் மூன்று வருஷமும் போச்சு, படிப்பும் போச்சு, வாத்தியாரும் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போய் அந்தக் குடையைப் பிடுங்கி அவரை நாலு சாத்தலாமா என்றும் வந்தது.

வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

"வீட்ல இருந்தேன்னு இப்ப யார் சொன்னது?"

"நான்தான் சார்."

"மனசு வீட்டுக்குப் போனதை யார் பார்த்தது?"

"நான்தான் சார் பார்த்தேன்."

"அந்த நீ எங்க இருந்து பார்த்த?"

தாமோதரன் விழித்தான். சுற்றிலும் பார்த்தான். பெஞ்சைப் பார்த்தான்.

"இங்க இருந்துதான் சார்."

"போனதைப் பார்த்துக்கினே ஒருத்தன் இங்க உக்காந்திருக்கான். நம்ம பாடமே அவனைப் பத்தினதுதான்." வாத்தியார் பதிவேட்டைத் திறந்தார். "ஆகவே, முழுசு."

ஏழு பையன்களும் பெஞ்சைத் தட்டிய தட்டில் ஓடு பெயர்ந்து விழும் என்று பயந்தேன். பிரின்ஸிபால், விழுந்த ஃபைலை எடுக்காமலேயே போய்விட்டார். பல்கலைக்கழகத்துக்கு எட்டுப் பெயரையும் எழுதி, அன்றே தபாலில் சேர்த்தேன். சாயங்காலம் வாத்தியார் கையெழுத்துப் போட என் மேசைக்கு வந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குமாஸ்தா புத்தி விடவில்லை.

"சார், ஒரு சந்தேகம். இன்னிக்கு நீங்க சொன்ன நியாயப்படி பார்த்தா, எல்லா நாளும் ஒருத்தன் பார்த்துக்கினுதானே இருந்திருப்பான்? மூணு வருஷத்து அரையெல்லாமே முழுசாவணுமே?"

அவர் என்னைப் பார்த்தார். இப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவரிடம் நான் பார்த்ததில்லை. திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தது.

"அதை யாரும் கேட்டுறக் கூடாதேன்னு வேண்டிக்கினு இருந்தேன்" என்றார். "நீங்க கேட்டுட்டீங்க. இன்னிக்குப் பார்த்து முழுசா கவனிச்சிருக்கீங்களே!"

பதிவேட்டில் ஏதோ எழுதிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். திருப்பிப் பார்த்தேன். தன் பெயருக்கு நேராக அரைநாள் விடுப்பு எழுதியிருந்தார். காரணம்: 'வகுப்பு எடுத்தேன். மனம் பாடத்தில் இல்லை. தாமோதரன் தேறுவானா என்பதிலேயே இருந்தது.'

மறுநாள் தாமோதரன் வந்து வாத்தியாரைத் தேடினான். விடுமுறை விட்டாயிற்று என்றேன். "அவர் வந்தா சொல்லிடுங்க சார். எங்கம்மா ஒரு தப்புகூடப் போடலையாம். நான் எதுக்குப் போனேன்னே தெரியலை" என்றான். தேர்வில் மூன்றாம் வகுப்பில் தேறினான். தர்க்கத்தில் மட்டும் கல்லூரியிலேயே அவனுக்குத்தான் முதல் மார்க்கு. தத்துவப் படிப்பும் பிழைத்தது. வாத்தியார் ஓய்வு பெறுகிற வரைக்கும் வருஷத்துக்கு எட்டோ ஒன்பதோ பேர், மற்ற இடத்தில் கிடைக்காதவர்கள், வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று அலமாரிச் சாவியைக் கொடுக்க என் மேசைக்கு வந்தார். அன்றும் ஏதோ அவசரக் கடிதம். டைப் அடித்துக்கொண்டே "வாங்க சார், உக்காருங்க, உடம்பைப் பார்த்துக்குங்க" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். "அரைதான் இருக்கீங்க" என்று சிரித்துவிட்டு, சாவியை வைத்துவிட்டுப் போனார். நான் தலை நிமிர்ந்தபோது குடை வராந்தாவைத் தாண்டியிருந்தது. அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. அத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவிர என்றைக்குமே அவருக்கு நான் அரைதான் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை இதை எழுத உட்கார்ந்தேன். நடுவில் கேஸ்காரர் வந்து கூப்பிட்டாராம். வீட்டில் காப்பி ஆறிப்போச்சு என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார்களாம். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. முழுசா இருந்தேன் சார். போட்டுக்குங்க.